வேம்பும் ஏடும்



மதுரைக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் செல்லும் வழியில் எங்கள் பேரையூர் இருக்கின்றது. வானம் பார்த்த பூமி. வாழையும் தென்னையும் கிணறு உள்ளவர் தோட்டத்தில்தான் நிற்கும். ஆனால் வேம்பு இல்லாத தெரு எங்கள் ஊரில் இல்லை. சித்திரை பிறக்கும்போது மரத்தடி எல்லாம் வெண்ணிறச் சிறு பூக்கள் உதிர்ந்து கிடக்கும். வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் துணி விரித்து அப்பூவைச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, ஆண்டு முழுவதும் ரசத்துக்கும் பச்சடிக்கும் வைத்துக்கொள்வார்கள். அதே சித்திரையில், மதுரையில் திருவிழாவின் எட்டாம் நாள், மீனாட்சியம்மன் வேப்பம்பூ மாலை அணிந்து, முடி சூடி, செங்கோல் ஏந்துகின்றாள்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், வரலாற்றுப் பாடத்தின்போது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அம்மன் கழுத்தில் மாலையாக இருக்கும் பூவையா நாம் ரசத்தில் போடுகிறோம்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றிற்று. தெய்வத்துக்கு உரிய பொருளே வீட்டு மருந்தாகவும் இருப்பது எப்படி? முதலில் போற்றப்பட்டதா, முதலில் பயன்பட்டதா? அந்தக் கேள்விக்கு அன்று வகுப்பில் சொல்லி முடியாத விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

சேரருக்குப் பனம்பூ, சோழருக்கு ஆத்திப்பூ, பாண்டியருக்கு வேப்பம்பூ என்று மூவேந்தருக்கும் தனித்தனியே அடையாளப் பூக்கள் இருந்தன. தொல்காப்பியம் இம்மூன்றையும் சேர்த்துக் கூறுகின்றது. போர்க்களத்தில் யார் எவர் படை என்று அறிய வேண்டும் அல்லவா? அதற்காக வீரர்கள் இப்பூக்களைச் சூடினர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், பாசறையில் நள்ளிரவில் அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகின்றான். அவனுடன் செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருக்கின்றது. அரசன் பெயரைப் பாட்டில் எங்கும் சொல்லாத புலவர், இந்த ஒரு வேப்பந்தழையால் அவன் பாண்டியன் என்று நமக்கு உணர்த்திவிடுகின்றார்.

இது அரசியல் அடையாளம். இனி மருத்துவத்துக்கு வருவோம். புறநானூற்றில் 281 ஆம் பாட்டு அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடக்கும் தன் கணவனைக் காப்பதற்கு ஒருத்தி தோழியை அழைக்கின்றாள். வீட்டில் இரவமரத்தின் தழையோடு வேப்பந்தழையையும் செருகுகின்றார்கள், யாழ் இசைக்கின்றார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகின்றார்கள், மணி ஒலிக்கின்றது, நறும்புகை எழுகின்றது. 296 ஆம் பாட்டிலும் இதே காட்சி. ஊரில் வீடுதோறும் புண்பட்ட வீரர்கள். வேப்பங்கிளையை ஒடிக்கின்றார்கள், காஞ்சிப் பண் பாடுகின்றார்கள், நெய் தோய்ந்த கையோடு வெண்சிறுகடுகைப் புகைக்கின்றார்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்நாட்டில் நோயாளியின் அறை இவ்வாறு இருந்தது.

வேம்பு, நெய், வெண்கடுகு ஆகிய இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அறுவை மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற நூல் சுசுருத சங்கிதை. புண்பட்டவன் படுத்திருக்கும் இடத்தில் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றைக் கொண்டு நாளுக்கு இருமுறை, பத்து நாள் புகையிட வேண்டும் என்று அந்நூல் விதிக்கின்றது. புலவர் பாடிய பாட்டும் மருத்துவர் எழுதிய விதியும் ஒரே பொருள்களைக் காட்டுகின்றன. இதனால் தமிழர் வடவரிடம் கற்றனர் என்றோ, வடவர் தமிழரிடம் கற்றனர் என்றோ உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. வரலாறு பயில்பவர்க்கு அவசரம் ஆகாது. ஆயினும் ஒன்று உறுதி. வேம்பைப் புண்ணுக்குக் காவலாகக் கொண்ட வழக்கம் இந்நாடு முழுவதும் பரவியிருந்தது. கடவுளை வேண்டுவதும் புண்ணுக்குப் புகையிடுவதும் அக்காலத்தார்க்கு இரண்டு வெவ்வேறு வேலைகள் அல்ல. இரண்டையும் ஒரே கையால், ஒரே தழையைக் கொண்டு செய்தார்கள். என் மாணவன் கேட்ட கேள்விக்கு முதல் விடை இது.

அடுத்து அம்மை நோய். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது சின்னம்மை கண்டது. என் அப்பத்தா வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வேப்பிலையைப் பரப்பி என்னைப் படுக்கவைத்தார். உடம்பு அரித்தால் நகம் படக் கூடாது. வேப்பங்கொத்தால் மெல்லத் தடவிக்கொள்ள வேண்டும். வீட்டில் தாளிப்பு நின்றது. வேப்பிலையைக் கண்ட அயலார் வாசலோடு திரும்பிச் சென்றனர். எங்கள் வீட்டாரும் விசேஷ வீடுகளுக்குச் செல்லவில்லை. முத்துக்கள் வாடிய பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார். "ஆத்தா இறங்கிவிட்டாள்" என்றார். அதன்பின்தான் நான் பள்ளிக்குச் சென்றேன்.

இளம் ஆசிரியனாக இருந்தபோது நான் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கியதுண்டு. இப்போது நிதானமாகப் பார்க்கின்றேன். வாசலில் தொங்கிய வேப்பிலை ஓர் அறிவிப்புப் பலகை. எழுத்தறியாதவரும் அதைப் படித்தார்கள். நோயாளியை ஊரிலிருந்து பிரித்து வைக்கும் வேலையை, அரசாங்கக் கட்டளை எதுவும் இல்லாமலே அது செய்தது. அரிப்பைத் தணித்து, நகத்தால் புண் ஆகாமல் காத்தது. இவ்வளவும் உண்மை.

ஆனால் மற்றோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியம்மையை வேப்பிலை ஒழிக்கவில்லை. அந்நோய் பல நூற்றாண்டுகள் வேப்பமரத்தின் நிழலிலேயே நம் மக்களைக் கொன்றது. பிழைத்தவர் பலரின் கண்ணைப் பறித்தது. அதை ஒழித்தது தடுப்பூசி. இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796 இல் கண்ட முறை, 1802 இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் பின்னும் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் உழைப்பு தேவைப்பட்டது. 1975 இல் இந்தியாவில் பெரியம்மை அடங்கிற்று. 1980 இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

என் இடக்கையில் அம்மை குத்திய தழும்பு இன்றும் இருக்கின்றது. ஊசி போடுகிறவர் ஊருக்கு வந்தபோது சிலர் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்தார்கள். வாசலில் வேப்பிலை செருகிய அதே அப்பத்தா என் கையைப் பிடித்து அவரிடம் அழைத்துச் சென்றார். "குத்திக்கிட்டா ஆத்தா கோவிக்க மாட்டா" என்று பக்கத்து வீட்டாருக்கும் சொன்னார். பக்தி உள்ளவர் அறிவியலுக்குப் பகைவராகவே இருப்பார் என்று எண்ணுவோர் அந்த மூதாட்டியை நினைத்துக்கொள்ளலாம். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது எங்கள் தெருவிலும் வேப்பிலைத் தோரணம் ஏறியது. மஞ்சள் நீர் தெளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே தெருவார் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றனர். அவ்வரிசையில் நின்றபோது எனக்கு அப்பத்தா நினைவு வந்தது.

வேம்பின் பயன் அம்மையோடு முடிவதில்லை. சித்த மருத்துவத்தில் அதன் இலை, பூ, பட்டை, விதை, எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. இலையை மஞ்சளோடு அரைத்துத் தோல் நோய்க்குப் பூசுவர். பூ பித்தத்தைத் தணிக்கவும் பசியைத் தூண்டவும் உதவும் என்பர். பட்டைக் கஷாயம் காய்ச்சலுக்கு. எண்ணெய் புண்ணுக்கும், வாத நோயில் மேற்பூச்சுக்கும். உழவர் வீட்டிலோ இன்னும் பல பயன்கள். குலுக்கையில் தானியம் கொட்டும்போது காய்ந்த வேப்பிலையைக் கலந்து வைப்பர், வண்டு அண்டாது. பிண்ணாக்கு வயலுக்கு எரு. வேப்பங்குச்சி பல் துலக்க. ஆடி மாதத்தில் சிறுவர்களாகிய நாங்கள் வேப்பமுத்துப் பொறுக்கிப் படிக்கணக்கில் கடையில் விற்றுக் காசு சேர்த்திருக்கின்றோம்.

அப்பத்தா ஒரு களிம்பு செய்வார். வேப்பெண்ணெயை இரும்புக் கரண்டியில் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்து, மஞ்சளும் வேறு இரண்டு பச்சிலைகளின் சாறும் விடுவார். நுகத்தடி உரசிய மாட்டின் கழுத்துப் புண்ணுக்கும், கருவேலமுள் ஏறிய காலுக்கும் அதைத்தான் போடுவார். அக்கம்பக்கத்தார் கொட்டாங்கச்சியோடு வந்து வாங்கிச் செல்வார்கள். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்தில் விடுமுறைக்கு வந்திருந்தேன். "எழுதி வச்சுக்கப்பா, எனக்கப்புறம் யாரு சொல்லப்போறா" என்றார். "அடுத்த லீவில் எழுதிக்கொள்கிறேன், அப்பத்தா" என்று சொல்லிப் பேருந்து ஏறிவிட்டேன். அடுத்த விடுமுறைக்கு நான் வரும்போது அவர் இல்லை. அந்த இரண்டு பச்சிலைகள் எவை என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. வரலாறு கற்பித்துச் சம்பளம் வாங்கிய நான், என் வீட்டு வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கைநழுவ விட்டேன். இதை வெட்கத்தோடுதான் சொல்கின்றேன்.

இத்தகைய இழப்பு ஒரு வீட்டோடு நிற்பதன்று. ஒரு நாட்டுக்கே இழப்பு நேர இருந்த கதையை இனிச் சொல்கின்றேன்.

வேம்பின் இரகசியத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் சலீமுஸ்ஸமான் சித்திகி. 1942 இல் அவர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்னும் கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959 இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று வந்து பச்சை என்று கண்டதையெல்லாம் தின்றுவிட்டது. வேப்பமரங்கள் மட்டும் தழையோடு நின்றன. அதை நேரில் கண்ட ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் தம் ஆராய்ச்சியை வேம்பின் பக்கம் திருப்பினார். 1962 இல் புது தில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரதானும் உடன் பணியாற்றியவர்களும், வேப்பம்பருப்பை அரைத்து நீரில் கலந்து தெளித்த பயிரை வெட்டுக்கிளி தொடுவதில்லை என்று காட்டினர். பூச்சி ஏன் தொடவில்லை? அதற்கு முதற்காரணமான அசாடிராக்டின் என்னும் பொருளை 1968 இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பு மிகச் சிக்கலானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லே என்பவர் குழுவினர் இருபத்திரண்டு ஆண்டு முயன்று, 2007 இல்தான் அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்க முடிந்தது. எங்கள் தெரு வேம்பு அதை ஒவ்வோர் ஆடியிலும் முத்துமுத்தாக உதிர்த்துக்கொண்டிருந்தது.

பயன் புலப்பட்டதும் உரிமை கேட்போர் வந்தனர். வேப்பெண்ணெயிலிருந்து பெறும் ஒரு பொருளைக் கொண்டு பயிரில் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க நாட்டு வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994 இல் உரிமை வழங்கிற்று. காப்புரிமை என்றால் என்ன? ஒன்றைப் புதிதாகக் கண்டவர், பிறர் அதைத் தம் அனுமதியின்றிச் செய்யாதபடி குறிப்பிட்ட காலம் வரை தடுக்கும் உரிமை. புதியது என்பது இங்கே உயிர்ச்சொல். வேம்பின் இப்பயன் இந்தியாவில் பழகிய ஒன்று என்று கூறி, 1995 இல் வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர் மக்தா ஆல்வூட், உலக இயற்கை வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்ப்பு மனு கொடுத்தனர்.

எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே செய்கிறோம் என்று வாயால் சொன்னால் போதாது. யார், எங்கே, எந்த ஆண்டில், எப்படிச் செய்தார் என்று காட்ட வேண்டும். மகாராட்டிரத்தில் 1985, 1986 ஆம் ஆண்டுகளில் வேம்புப் பொருளை வயலில் தெளித்துச் சோதித்த ஓர் இந்தியத் தொழிலதிபரின் சாட்சியம் வழக்குக்கு உதவிற்று. 2000 மே மாதம் அந்த உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சு 8 அன்று தள்ளப்பட்டது. பத்தாண்டுப் போராட்டம்!

மஞ்சளுக்கும் இதே கதை நேர்ந்தது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995 இல் அமெரிக்காவில் உரிமை வழங்கப்பட்டது. நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. பழைய வடமொழி நூற்சான்றும், 1953 இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரையும் சான்றாக நின்றன. 1997 இல் உரிமை நீங்கிற்று. அக்கட்டுரையை எழுதியவர், அது ஒருநாள் மஞ்சளைக் காக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். எழுதி வைத்தார், அவ்வளவே. இவ்வழக்குகள் தந்த பாடத்தால் 2001 இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய முறைகளின் நூல்களில் உள்ள மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அதில் பதியப்படுகின்றன. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தார் 2009 முதல் அதைப் பார்க்க வழி செய்யப்பட்டது. ஆனால் நூலில் ஏறியவைதாம் அதில் ஏறும். என் அப்பத்தாவின் களிம்பு எந்த நூலகத்திலும் இல்லை.

எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. எழுதியதைச் சோதிக்கலாம், தவறானால் திருத்தலாம். பழமையானது ஆதலால் தீங்கற்றது என்று கொள்வது பெரும்பிழை. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டும் வழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. அவ்வாறு புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் மூளை, கல்லீரல் பாதிப்பும் நேர்ந்ததை மலேசிய மருத்துவர்கள் கண்டு, 1981 இல் லான்செட் இதழில் எழுதினர். பூசுவதற்கு நல்லது விழுங்குவதற்கு நல்லதாக வேண்டும் என்பதில்லை. பெரியவருக்குப் பொறுத்தது பச்சிளங்குழந்தைக்குப் பொறுக்காது. ஆகவே இப்பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் வைத்தியம் தொடங்கிவிட வேண்டாம். முறையாகப் பயின்ற மருத்துவர் இருக்கின்றார், அவரிடம் செல்லுங்கள். நான் உங்களைக் கேட்பது மருந்து உண்ணச் சொல்லி அன்று. ஏடு எழுதச் சொல்லி.

பணி ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், என் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் சென்று, ஒரு செடி அல்லது மரத்தைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். செடியின் பெயர், எந்த உறுப்பு, எதற்காக, எவ்வளவு, எப்படிச் செய்வது, யார் சொன்னது, எந்த நாள் எழுதியது என ஏழு கட்டங்கள். எட்டாவதாக, "கெடுதல் நேர்ந்ததுண்டா?" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். பிள்ளைகள் அதை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு சிறுமி அந்தக் கட்டத்தில்தான் அதிகம் எழுதியிருந்தாள். வேப்பெண்ணெயை உள்ளே கொடுத்ததால் தன் பாட்டியின் முதற்குழந்தை நோயுற்றதாகவும், அதன் பிறகு பாட்டி யாருக்கும் அதை உள்ளே கொடுக்க விடுவதில்லை என்றும் எழுதியிருந்தாள். லான்செட் இதழைக் கண்ணால் காணாத அந்தப் பாட்டி, பட்டு அறிந்ததைப் பேத்திக்குச் சொல்லியிருந்தார். பேத்தி கேட்டதனால் அது ஏட்டில் ஏறிற்று. அந்த நோட்டுப் புத்தகத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மாணவர்களே, வேம்பைக் காத்தது பக்தி. கோயில் மரம், ஆத்தா மரம் என்று எண்ணியதால் மக்கள் அதன்மேல் கோடரி வைக்க அஞ்சினார்கள். அந்தப் பெருமை நம் முன்னோரைச் சேரும். ஆனால் மரத்தைப் பற்றிய அறிவைக் காக்கப் பக்தி மட்டும் போதவில்லை. கேட்டு எழுதவும், எழுதியதைச் சோதித்து மெய்யும் பொய்யும் பிரிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தாம்.

இன்று மாலை பள்ளி விட்டு வீடு சென்றதும், வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். என்னைப் போல அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.